ஒத்திகையில் சிரிப்பு, அரங்கில் அமைதி: பதில்

வணக்கம். பிரெஞ்சு நாடகாசிரியர் அயனெஸ்கோவின் 'வழுக்கைத் தலைப் பாடகி' என்ற அபத்த நாடகத்துக்கு ஒத்திகையில் நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அரங்கில் சத்தமே இல்லை என்கிறீர்கள். நடிகர்கள் குரலை இழுத்து, முகத்தைக் கோணி நடிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான். இது வேடிக்கை என்று நடிகரே அறிவித்துவிட்டால், பார்வையாளர் கண்டுபிடிக்க எதுவும் மிச்சமில்லை. 1950இல் பாரிஸில் இதை முதலில் இயக்கிய நிக்கோலா பத்தாய், கனமான நாடகம்போலவே நடிக்க வைத்தார்.

தொடக்கத்தில் கடிகாரம் 17 முறை அடிக்க வேண்டும். நீளம் என்று வெட்டாதீர்கள். ஒரே இடைவெளியில் அத்தனை அடியும் விழட்டும். பிறகு நாடகத்தில் வரும் திருமதி ஸ்மித் மணி ஒன்பது என்பதை வெகு இயல்பாகச் சொல்லட்டும்.

அதிக ஒத்திகை மார்ட்டின் தம்பதி காட்சிக்குத்தான் தேவை. அறிமுகமில்லாதவர்கள்போல் பேசத் தொடங்கும் இருவரும், ஒரே ரயில், ஒரே வீடு, ஒரே கட்டில் என்று ஒவ்வொன்றாகப் பொருந்தி, கணவன் மனைவி என்ற முடிவுக்கு வருகிறார்கள். ஒவ்வொரு பொருத்தத்துக்கும் குரலை ஏற்றினால் மூன்றாவதிலேயே உச்சம் தொட்டுவிடும். மீதி வெறும் இழுவை. இருவரும் உண்மையாகவே நினைவுபடுத்திப் பார்க்கட்டும், குரல் தாழ்ந்தே இருக்கட்டும்.

சிரிப்பு எழுந்தால் அது அடங்கத் தொடங்கும்போது அடுத்த வசனத்தை எடுங்கள். எழாத இடத்தில் அதற்காகக் காத்து நிற்கவே கூடாது, அரங்கு இறுகிவிடும்.