கேளுங்க சொல்றோம்: எந்த நாடகம் வேணும், சத்தமா சொல்லுங்க!

கேள்வி: எந்த அரங்கத்துக்கு யாரு புதுசா தலைமைக்கு வந்தாலும் முதல் வேலையா "ரசிகர்களே, உங்களோட பேசணும்"னு ஒரு அறிக்கை விடறாங்க. அப்புறம் ஒரு ஃபார்ம் குடுப்பாங்க, நாமளும் டிக் அடிச்சுக் குடுத்துட்டு வருவோம், அது எந்த டிராயர்ல போய் விழுதோ. நெஜமாவே ரசிகர்களைக் கேட்டு நடத்துன இடம் எங்கயாவது உண்டா சார்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உண்டும்மா. லண்டன்ல ஷேக்ஸ்பியர் குளோப் தியேட்டர். மிஷெல் டெர்ரின்னு ஒரு நடிகை, ஏற்கனவே அந்த மேடையில நடிச்சவங்க, 2018ல அங்க கலை இயக்குநரா, அதாவது என்ன நாடகம் எப்படிப் போடறதுன்னு முடிவு பண்ற தலைமைக்கு வந்தாங்க. அந்த வருஷமே ஊர் ஊரா கெளம்புன டூர் குழுவுல எட்டே நடிகர்கள், ஆனா மூணு நாடகம் தயார்: மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ், டேமிங் ஆஃப் த ஷ்ரூ, ட்வெல்ஃப்த் நைட். இதுல பல நாள் எந்த நாடகம்னு முன்கூட்டியே சொல்லவே மாட்டாங்க. கூட்டம் வந்து சேர்ந்தப்புறம் நடிகர்கள் மேடைக்கு வந்து மூணு நாடகத்தோட பேரையும் ஒவ்வொண்ணா சொல்லுவாங்க, ஜனங்க கைதட்டி கத்தணும், எதுக்கு சத்தம் ஜாஸ்தியோ அதுதான் அன்னிக்கு நாடகம். அந்த நடிகர்களை நெனச்சுப் பாருங்க, மூணு நாடகத்து வசனமும் தலைக்குள்ள முட்டிக்கிட்டு நிக்குது, எதைப் பேசப்போறோம்னு அந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது!

உங்க ஃபார்முக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னா, ஃபார்ம் எல்லாம் முடிஞ்சப்புறம் வருது. இங்க தொடங்கறதுக்கு முன்னாடியே கேட்டுட்டாங்க, கேட்டா செஞ்சே ஆகணும். அந்த மூணைத் தேர்ந்தெடுத்தது யாரு, அவங்கதானேன்னு நீங்க கேக்கலாம். நியாயம்தான். மெனு கார்டு அவங்களுது, ஆர்டர் மட்டும்தான் நம்மளுது. அந்த அளவுக்காவது விட்டுக்குடுத்தாங்களே.

கேள்வி: அதே குளோப்ல இவங்களுக்கு முன்னாடி இருந்த எம்மா ரைஸ், லைட் போட்டாங்கன்னு பதவி போச்சாமே? லைட் போட்டா தப்பா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: லைட் போட்டது மட்டும்னு சொல்லிட முடியாது, ஆனா ஆரம்பிச்சது அங்கதான். குளோப்ல நடு முற்றத்துக்கு கூரையே கிடையாது, மதிய ஷோன்னா வெயில் வெளிச்சம், ராத்திரி ஷோன்னாலும் மேடைக்கும் ஜனங்களுக்கும் சேத்து ஒரே மாதிரி வெளிச்சம், நடிகருக்கு நம்ம மூஞ்சி தெரியும். 2016ல ரைஸ் வந்து கலர் லைட், ஸ்பீக்கர்னு எல்லாத்தையும் கொண்டு வந்தாங்க. கூட்டமும் நல்லா வந்துச்சு, இதை நிர்வாகமே ஒத்துக்கிச்சு. அப்படி ஒத்துக்கிட்ட அதே வாயால 2016 அக்டோபர்ல, ஷேக்ஸ்பியர் காலத்து முறையை சோதிச்சுப் பாக்கத்தானே இந்தக் கட்டடத்தையே கட்டுனோம், அதனால 2018லேர்ந்து பழையபடி பொது வெளிச்சம்தான், ரைஸும் அப்போ கெளம்பிடுவாங்கன்னு அறிவிச்சாங்க. 2017ல ரைஸ், தனக்கு அடுத்து வரப்போறவருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதுனாங்க, அடுத்து யாருன்னு அப்போ அறிவிக்கவே இல்ல. பிரச்சினை லைட் இல்ல, படைப்பு சுதந்திரம்தான்னு அதுல தெளிவா சொல்லிட்டாங்க.

எனக்கு ரொம்ப நாள் ரைஸ் பக்கம்தான் மனசு. ரசிகர் தன்னோட பதிலை டிக்கெட் கவுன்ட்டர்லயே சொல்லிட்டாரு, அதைக் கேக்காத நிர்வாகம் வேற எதைக் கேக்கப்போகுது? இப்பவும் அந்தக் கோவம் இருக்கு. ஆனா ஒரு விஷயம் என்னை அசைச்சுடுச்சு. 2018ல ஷேக்ஸ்பியரோட ஹாம்லெட் நாடகத்துல டெர்ரியே ஹாம்லெட்டா நடிச்சாங்க, அந்த வேஷத்துல "நான் கோழையா?"ன்னு ஒரு வசனம் வரும். இருட்டு ஹால்ல அதைக் கேட்டா நடிகர் கண்ணுக்கு எதிர்ல கறுப்புதான் இருக்கும், யாரைக் கேக்கறாருன்னே தெரியாது. குளோப்ல அதை நாலடி தள்ளி நிக்கற ஒருத்தரோட கண்ணைப் பாத்துக் கேக்கலாம், அவரு தலையாட்டலாம், ஆமான்னு கத்தவும் செய்யலாம், கொட்டாவி விட்டா அதுவும் தெரியும் (மாட்டிக்கிட்டீங்க!). அறிக்கை விட்டு ரசிகர்களைப் பேசக் கூப்பிடறது ஒண்ணு, வெளிச்சத்தை ரெண்டு பக்கமும் சமமா வெக்கறது இன்னொண்ணு. ரைஸோட லைட்ல இது கொஞ்சம் போயிடுச்சுன்னு சொன்னவங்களை இப்போ என்னால சும்மா பழமைவாதின்னு ஒதுக்க முடியல.

கேள்வி: குளோப் நானூறு வருஷமா அதே கட்டடமா நிக்குது?
– ஒரு மாணவர், மதுரை

பதில்: இல்லப்பா. பழசு 1613ல நாடகத்துக்காக சுட்ட பீரங்கிப் பொறி கூரையில பட்டு எரிஞ்சு போச்சு, மறுபடி கட்டுனதையும் 1642ல மூடிட்டாங்க. இப்ப இருக்கறது சாம் வானமேக்கர்னு ஒரு அமெரிக்க நடிகரோட பிடிவாதம். 1949ல பழைய குளோப் இருந்த எடத்தைத் தேடிக்கிட்டு வந்தவருக்கு ஒரு மதுபான ஆலை சுவத்துல பதிச்ச பலகை மட்டும்தான் கெடச்சுது. 1997ல தியேட்டர் தெறந்தப்போ பாக்க அவரு இல்ல, 1993லயே போயிட்டாரு.

கேள்வி: பொண்ணு லண்டன்ல படிக்கறா, போனா பாக்கணும். டிக்கெட் கட்டுப்படியாகுமா? மழை வந்தா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முற்றத்துல நின்னு பாக்க சுமார் 700 பேருக்கு எடம், டெர்ரி வந்தப்போ அதுக்கு 5 பவுண்டுதான், இப்போ என்ன விலைன்னு பொண்ணையே பாக்கச் சொல்லுங்க. உக்கார விடமாட்டாங்க, குடையும் விரிக்கக் கூடாது, ரெயின்கோட் எடுத்துக்கங்க, மழைக்காக நாடகத்தை நிறுத்த மாட்டாங்க. கால் வலிக்குமேன்னு பயமா இருந்தா சீக்கிரமே போய் முன்னாடி எடம் புடிங்க, மேடை விளிம்புல முழங்கைய ஊனி சாஞ்சுக்கலாம்.