துடைப்பக்கட்டை மேடை ஏறிய கதை

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிறேன். மக்கள் நாடகம் சமூக மாற்றத்துக்கு எப்படி உதவுகிறது என்று ஆய்வு செய்ய ஆசை. 'நாடகம் போட்டு எதை மாற்றப் போறே?' என்று வகுப்பில் சிரிக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கோபப்படாதீர்கள், அது நியாயமான கேள்விதான். அதே கேள்வியில் செமத்தியாக அடிபட்ட பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்தோ போவாலிடமிருந்து தொடங்குங்கள். அவரும் தோழர்களும் நகரத்திலிருந்து நாட்டின் வடகிழக்குப் பக்கம் போய், விவசாயிகள் முன்னால் ஆவேசமாக நாடகம் போடுவார்கள். துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நிலத்துக்காக ரத்தம் சிந்துவோம் என்று பாட்டு வேறு. ஒருநாள் நாடகம் முடிந்ததும் விர்ஜிலியோ என்கிற விவசாயி கண் கலங்க வந்து, வாங்க சாப்பிடுவோம், அப்புறம் இந்தத் துப்பாக்கிகளை எடுத்துக்கிட்டு எங்க நிலத்தைப் பிடுங்கினவன் ஆட்களை விரட்டப் போவோம் என்று கூப்பிட்டிருக்கிறார். இவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயா, இது நாடகத்துக்குச் செய்த பொய்த் துப்பாக்கி, சுடாது என்றார்கள். பரவாயில்லை, எங்களிடம் நிஜத் துப்பாக்கி இருக்கிறது, எல்லோருக்கும் போதும் என்றார் அவர். இல்லை ஐயா, நாங்கள் நடிகர்கள்தான் என்று இழுத்தபோது, அப்படியானால் சிந்தச் சொன்னது எங்கள் ரத்தத்தை மட்டும்தானா என்று கேட்டார் பாருங்கள், போவால் அதற்குப் பிறகு அந்த மாதிரி நாடகம் எழுதவே இல்லை. தான் கூட நின்று ஏற்காத ஆபத்தை ஊருக்கு உபதேசிக்கக் கூடாது என்று முடிவெடுத்துவிட்டார்.

உங்கள் ஆய்வில் எத்தனை ஊர், எத்தனை காட்சி, எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற அட்டவணை போடுவது சுலபம். யார் எழுதினார்கள், வம்பு வந்தால் யார் தலையில் விடியும், குழு வேன் ஏறிப் போன பிறகு ஊரில் என்ன பேச்சு என்று தேடுவதுதான் கஷ்டம். நேரில் பார்க்க வேண்டுமென்றால் மேற்கு வங்கத்துக்கு ரயில் ஏறுங்கள். 1985இல் தொடங்கிய ஜன சன்ஸ்கிருதி குழுவில் நடிப்பவர்களே கிராமத்து உழைப்பாளிகள்தான். நாடகம் முடிந்தாலும் அவர்கள் அங்கேயேதான் இருப்பார்கள், எங்கே போவார்கள்?

கேள்வி: எங்கள் ஊரில் குடியை எதிர்த்து வீதி நாடகம் போட்டார்கள். பறை அடித்ததும் நல்ல கூட்டம். குடிகாரனாக வந்தவர் தள்ளாடியதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தோம். கடைசியில் அவர் திருந்தினார். கூட்டம் கலைந்ததும் பாதிப் பேர் நேராக டாஸ்மாக் போனார்கள். எங்கே தப்பு?
- ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: கடைசியில் அவர் திருந்தினார் என்கிறீர்களே, அங்கேதான். பிரச்சினையை மேடையிலேயே தீர்த்துவிட்டால் பார்க்க வந்தவருக்கு வேலையே இல்லை, எழுந்து போக வேண்டியதுதான்.

1973இல் பெரு நாட்டில் எழுத்தறிவுத் திட்டம் ஒன்றில் போவால் வேலை செய்தபோது ஒரு பெண் தன் கதையைச் சொன்னார். கணவன் சில காகிதங்களைக் கொடுத்து, முக்கியமான பத்திரங்கள், பத்திரமாக வை என்றிருக்கிறான். எழுதப் படிக்கத் தெரியாத அவர் பொக்கிஷம் மாதிரி காத்து வந்திருக்கிறார். சந்தேகம் வந்து ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னால், அத்தனையும் அவனுடைய காதலி எழுதிய கடிதங்கள்! அவன் ராத்திரி வீட்டுக்கு வருவான், என்ன செய்வது? இதை நாடகமாக்கி அந்த இடத்தில் நிறுத்தி, கூட்டத்திடம் யோசனை கேட்டார் போவால். அழு என்றார்கள், கதவைச் சாத்து என்றார்கள், சொன்னதையெல்லாம் நடிகை நடித்துக் காட்டினார். ஆர்ப்பாட்டமில்லாமல் உட்கார்ந்திருந்த ஒரு பருத்த பெண்மணி மட்டும், அவனிடம் தெளிவாகப் பேசிவிட்டு மன்னிக்கணும் என்றார். நடிகை தெளிவாகப் பேசினார். இது இல்லை என்றார். இன்னும் அழுத்திப் பேசினார். ம்ஹூம். நீங்களே வந்து காட்டுங்களேன் என்று போவால் சொன்னதுதான் தாமதம், மேடைக்கு வந்த அம்மா துடைப்பக்கட்டையை எடுத்து 'கணவனை' வெளுத்து வாங்கிவிட்டார். நடிகர் பாவம். வெளுத்து முடித்த பிறகுதான் மன்னிப்பு!

அவர் அர்த்தத்தில் தெளிவாகப் பேசுவது அதுதான். வேறு யாராலும் நடித்துக் காட்டியிருக்க முடியாது. இதிலிருந்து வளர்ந்ததுதான் ஃபோரம் தியேட்டர். சிறு நாடகம் மோசமாகவே முடியும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள், இந்த முறை யார் வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லிவிட்டு, பாதிக்கப்பட்டவர் இடத்தில் நின்று வேறு வழி பார்க்கலாம். நடத்தி வைப்பவருக்கு ஜோக்கர் என்று பெயர், கோமாளி இல்லை, சீட்டுக்கட்டில் எந்தப் பக்கமும் சேராமல் இருக்குமே, அந்த ஜோக்கர். எதிர்த்தரப்பு நடிகர்கள் லேசில் விட்டுக்கொடுக்கவும் கூடாது. உங்கள் ஊர் நாடகத்தில் குடிகாரனைத் திருத்தாமல், கூலிக் காசை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கும் மனைவியோடு நிறுத்தியிருந்தால் யார் எழுந்து வந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: நாடகத்தால் சட்டம் வந்த கதை எங்காவது உண்டா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: உண்டு. அதே போவால் 1993 முதல் 1996 வரை ரியோ டி ஜெனிரோ நகரசபை உறுப்பினராக இருந்தார். ஃபோரம் நாடகங்களில் மக்கள் சொன்னதை மசோதாக்களாக்கி, 13 சட்டங்களை நிறைவேற்ற வைத்தார்.

எல்லா ஊரிலும் இப்படி நடக்காது. கென்யாவின் காமிரித்து கிராமத்தில் 1977இல் கூகி வா தியாங்கோவும் இன்னொரு எழுத்தாளரும் எழுதிய கிக்குயூ மொழி நாடகத்தை ஊர் ஜனமே நடித்தது. ஒத்திகையை யாரும் வந்து பார்க்கலாம், ஒரு கிழவர் இப்படிப் பேசுவாரா என்று வசனத்தைத் திருத்தவும் செய்வார்கள். சுமார் 2,000 பேர் உட்காரும் திறந்தவெளி அரங்கையும் அவர்களே கட்டினார்கள். சில வாரங்களில் நாடகத்துக்குத் தடை, அந்த வருடக் கடைசி நாளில் கூகி கைது. விசாரணையே இல்லாமல் சுமார் ஒரு வருடம் உள்ளே வைத்திருந்தார்கள். 1982இல் போலீஸ் வந்து அந்த அரங்கையும் இடித்துத் தரைமட்டமாக்கியது.