வலிப்பு மருந்தின் கம்பெனியை மாற்றலாமா?

கேள்வி: என் 7 வயது மகன் வலிப்பு நோய்க்காக கார்பமசெபைன் மாத்திரை சாப்பிட்டு வருகிறான். மாதாமாதம் செலவு அதிகமாவதால், விலை குறைந்த ஜெனரிக் மாத்திரைக்கு மாறலாமா?

பதில்: ஜெனரிக் என்றாலே தரம் குறைந்தது என்று நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை; அதிலும் அதே மருந்துதான் இருக்கிறது. ஆனால் கார்பமசெபைன், ஃபெனிடாயின் போன்ற வலிப்பு மருந்துகளின் அளவு இரத்தத்தில் சற்றுக் குறைந்தால் வலிப்பு திரும்பக்கூடும், சற்றுக் கூடினால் தலைசுற்றலும் தள்ளாட்டமும் வரக்கூடும் என்பதால், இவற்றை ஒரே தயாரிப்பாளரிடமிருந்தே தொடர்ந்து வாங்க வேண்டும் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் அறிவுறுத்தியது. லெவெடிரசெட்டம் என்ற இன்னொரு வலிப்பு மருந்துக்குப் பொதுவாக அந்தக் கண்டிப்பு இல்லை.

ஆகவே, மகனைப் பார்க்கும் டாக்டரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் மாறுங்கள். மாறிய பிறகு, மாதம் ஒரு கம்பெனி மாத்திரையைக் கடைக்காரர் எடுத்துக் கொடுக்க விடாதீர்கள். ஒரு ஜெனரிக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போவதும் மாற்றமே. பழைய அட்டையைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டுப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் ‘சிஆர்’ (CR) என்று இருந்தால் அது மெல்ல மெல்ல மருந்தை வெளிவிடும் வகை. அதற்குப் பதிலாகச் சாதாரண மாத்திரையைக் கொடுக்கக் கூடாது. முதல் சில வாரங்கள், பிள்ளை திடீரென வெறித்துப் பார்க்கிறானா, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி விழுகிறானா என்று கவனிக்கும்படி வகுப்பாசிரியரிடமும் சொல்லி வையுங்கள். கடையில் இருப்பு இல்லை என்பதற்காக ஒரு வேளை மருந்தைக்கூட நிறுத்திவிடாதீர்கள். அது கம்பெனி மாற்றத்தைவிடப் பெரிய ஆபத்து.