சூப்பர் மார்க்கெட் கார்டுல சேர்ந்த பாயிண்ட்ஸ ரிடீம் பண்ணப் போனா ஏன் இவ்ளோ இழுத்தடிக்கிறாங்க?

கேள்வி கேட்டவர் 400 பாயிண்ட்டுக்கு மேல இருந்தும் கவுண்டர்ல "மினிமம் வரல"ன்னு சொல்லிட்டாங்கன்னு எழுதியிருக்கார். இங்க கடலூர்லயும் இதே கததான். எனக்கு இதுல ரொம்ப நாளா கோவம் இருக்கு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

மொதல்ல கணக்கப் பாருங்க, விஷயமே அங்கதான் இருக்கு. நாங்க வாங்கற கடையில 100 ரூபாய்க்கு 1 பாயிண்ட், 1 பாயிண்ட்டுக்கு 50 பைசா, அதாவது அரை பர்சன்ட். 190 ரூபாய்க்கு பில் போட்டாலும் 1 பாயிண்ட்தான், மிச்சம் 90 ரூபாய்க்கு ஒண்ணும் கிடையாது. 500 சேந்தாதான் எடுக்க விடுவாங்க, ஏத்தின பாயிண்ட் ஒரு வருஷத்துல எக்ஸ்பைரி ஆயிடும். இப்போ மாசம் 4000 ரூபாய்க்கு மளிக வாங்கற வீட்ட எடுத்துக்கங்க. மாசம் 40, வருஷத்துக்கு 480. அடுத்த மாசம் புதுசா 40 ஏறும்போது பழைய 40 போயிடும், அப்ப அந்த வீடு எத்தன வருஷம் அதே கடையில வாங்கினாலும் 500-ஐ தொடவே தொடாது. மாசம் 10,000-க்கு வாங்கறவங்க அஞ்சே மாசத்துல 250 ரூபாய் எடுத்துட்டு போயிடறாங்க. எனக்கு வயிறு எரியறது இங்கதான், பைசா பாத்து செலவு பண்றவங்களுக்குத்தான் அந்த அரை பர்சன்ட்டும் வேணும், அவங்களுக்குத்தான் அது கைக்கு வராது. தெருமுனை மளிகைக் கடையில கொசுறா குடுக்கற கறிவேப்பிலை கூட அன்னைக்கே நம்ம பையில விழுந்துடுது.

சரி, 500 வந்துடுச்சுன்னே வச்சுக்கங்க. அடுத்தது ஓடிபி. எங்க வீட்டு கார்டு அம்மா நம்பர்ல இருக்கு, அம்மா வீட்ல, நான் கவுண்டர்ல. போன் பண்ணி "மா, இப்ப ஒரு மெசேஜ் வந்திருக்கும், அதுல இருக்கற நம்பர சொல்லு"ன்னா, அம்மா சொல்ல மாட்டேங்கறாங்க. ஓடிபிய யார் கேட்டாலும் சொல்லாதீங்கன்னு பேங்க்லயும் நாங்களும் அத்தன தடவ சொல்லி வச்சிருக்கோம், அவங்க பண்றது கரெக்ட்தான். நான்தான் பேசறேன்னு நம்ப வச்சு, கண்ணாடி தேடி எடுத்து, ஒவ்வொரு நம்பரா படிச்சு முடிக்கறதுக்குள்ள டைம் முடிஞ்சு ரீசென்ட் பண்ணணும்னுடும், பின்னாடி ட்ராலியோட நிக்கறவங்க உச்சு கொட்ட ஆரம்பிச்சிடுவாங்க. ஏத்தும்போது ஓடிபி கேட்டாங்களா? பத்து நம்பர சொன்னா போதும், ஏறிடும்.

தயவு செஞ்சு பில் போடற பொண்ணுகிட்ட சண்டைக்கு போகாதீங்க. காலையிலேந்து நின்னுகிட்டே இருக்கற பொண்ணு, கம்ப்யூட்டர் விட்டாதான் அதால எதுவும் பண்ண முடியும். மேனேஜர கூப்பிட சொல்லுங்க, ரூல எழுத்துல காட்ட சொல்லுங்க. எண்ணெய், சக்கரை, அரிசி மூட்டை, ஆஃபர் ஐட்டத்துக்கெல்லாம் பாயிண்ட் செல்லாதுன்னு எங்க கடையில ரிடீம் பண்ணும்போதுதான் சொல்றாங்க, கார்டு குடுக்கும்போது ஒருத்தரும் சொல்லல. மாச சாமான்ல அதெல்லாம் கழிச்சா மிச்சம் என்ன இருக்கு, சோப்பும் பேஸ்ட்டும்தான்.

பாண்டிக்கு போய் வர்றவங்களுக்கு இன்னொன்னு. அக்கா வீடு லாஸ்பேட்டையில, அங்க போனா அதே கடையோட பாண்டி பிராஞ்ச்ல வாங்குவோம். பாயிண்ட் ஏறும், ஆனா எடுக்கணும்னா "இது தமிழ்நாடு கார்டு சார், இங்க எடுக்காது"ம்பாங்க. ரெண்டு பில்லையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, கடலூர் பில்லுல ஜிஎஸ்டி நம்பர் 33-ல ஆரம்பிக்கும், பாண்டி பில்லுல 34. மாநிலத்துக்கு ஒரு பதிவு, வரிக் கணக்கு தனித்தனி, அது வாஸ்தவம்தான். ஆனா அங்க வாங்கினத ஏத்திக்கற கம்ப்யூட்டருக்கு கழிக்கறதுக்கு மட்டும் வழி தெரியலன்னா நான் ஒத்துக்க மாட்டேன், மனசு வச்சா பண்ணலாம்.

நீங்க பண்ண வேண்டியது, பில்லோட அடியில பேலன்ஸும் எக்ஸ்பைரி தேதியும் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா கேளுங்க. மினிமம் வந்த அன்னைக்கே எடுத்துடுங்க, தீபாவளிக்கு சேத்து எடுக்கலாம்னு வைக்காதீங்க, அந்தக் கூட்டத்துல சர்வர் டவுன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. நம்பர் குடுக்க இஷ்டமில்லன்னா குடுக்கவே வேணாம், போன் நம்பர் தந்தாதான் பில்லுன்னு கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் துறையே 2023 மே மாசம் கடைக்காரங்களுக்கு சொல்லியிருக்கு. எடுக்க வேண்டிய பாயிண்ட்ட காரணமே இல்லாம மறுத்தா பில்ல போட்டோ எடுத்து வச்சுகிட்டு 1915-க்கு போன் போடுங்க, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம்.

அப்புறம் சிம் மாத்தறவங்க உடனே கடையில போய் நம்பர மாத்திடுங்க. கட் ஆன நம்பர 90 நாளுக்கு அப்புறம் கம்பெனிக்காரன் வேற ஒருத்தருக்கு குடுத்துடலாம், அப்படி குடுத்துட்டா உங்க பாயிண்ட்டுக்கு வர்ற ஓடிபி அவர் போனுக்குத்தான் போகும்.