ஹரிதாஸ் ரீமேக்: நாயகன் பாட வேண்டுமா, நடித்தால் போதுமா?

‘ஹரிதாஸ்’ படத்தை மறுபடி எடுக்கப் பாடத் தெரிந்த நாயகன் வேண்டுமா, நடிக்கத் தெரிந்தால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். நாயகனுக்குப் பாடத் தெரிந்தவரையே எடுங்கள். தாசி ரம்பா வேடத்துக்கு நடிப்பை முதலில் பாருங்கள், குரலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

காட்பாடியில் எடுத்த சோதனைக் காட்சியில் பாட்டு வந்ததுமே நாயகனாக நடித்த பையனின் முகம் செத்துப்போகிறது என்கிறீர்கள். பின்னணிக் குரலுக்கு வெறுமனே உதட்டை அசைப்பதுதான் காரணமாக இருக்கும். 1944 படத்தில் நாயகனாக நடித்த எம்.கே. தியாகராஜ பாகவதர் தானே பாடினார். ‘மன்மத லீலையை’ பாட்டின் சாருகேசி ராகச் சங்கதிகளுக்கு, அதாவது ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் நெளிவுகளுக்கு, மூச்சும் கழுத்து நரம்பும் சேர்ந்து உழைத்தால்தான் கண் பேசும்.

ஒன்று செய்யுங்கள். பல்லவியை அவரே வாய்விட்டுப் பாடட்டும். செல்போனில் மார்பளவு எடுத்து, ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். மூச்சு வாங்கும் இடம் தெரிந்தால் ஆள் சரி.

சரிவரவில்லை என்றால் செய்யாறு பக்கம் போய்த் தெருக்கூத்துக் கலைஞர்களைப் பாருங்கள். கூத்துக்குப் பேர்போன புரிசை கிராமம் அங்கேதான், பழைய வடாற்காட்டு மண்தானே! வேடம் கட்டியவரே பாடி ஆடுகிற ஊர் அது. எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். ஆனால் விடிய விடியத் திறந்தவெளியில் பாடிப் பழகிய குரலும் கைவீச்சும் குளோசப்பில் பெரிதாகத் தெரியும். கேமரா முன் நன்றாக ஒத்திகை பார்த்துக் குறைக்க வேண்டும். பாகவதரின் உச்ச ஸ்ருதிக்கு யாரையும் இழுக்காதீர்கள், தொண்டை போய்விடும்.