முதலில் உங்கள் செலவை நீங்களே கட்டிவிடுங்கள்

கேள்வி: அன்புள்ள அக்கா, லண்டன் ஹாரோவில் நர்ஸாக இருக்கிறேன். வயது 42. என் மகளுக்கு எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது இதய ஆபரேஷன் நடந்தது. இப்போது ஒன்பது வயது, ஓடியாடுகிறாள். அவளைக் காப்பாற்றிய குழந்தைகள் மருத்துவமனைக்கு நிதி திரட்டும் அறக்கட்டளை, அடுத்த ஆண்டு கிளிமஞ்சாரோ மலையேற்றம் ஏற்பாடு செய்கிறது. பதிவுக் கட்டணம் 400 பவுண்டு. குறைந்தது 4,500 பவுண்டு திரட்ட வேண்டும், பயணச் செலவும் அதிலிருந்தே போகும். "ஊரார் காசில் மலை ஏறப் போகிறாயா? நம்மால் முடிந்ததை நேராகவே கொடுத்துவிடலாமே" என்கிறார் கணவர். எனக்கும் யாரிடமும் கை நீட்டிப் பழக்கமில்லை. மலை ஏறியதும் இல்லை. போகலாமா?

பதில்: அன்புத் தங்கைக்கு,

போகலாம். ஆனால் உங்கள் கணவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு ஒரு முடிவு கட்டாமல் ஷூ வாங்கக் கிளம்பாதீர்கள்.

இப்படிப்பட்ட பயணங்களில் பெரும்பாலும் இரண்டு வழி வைத்திருப்பார்கள். ஒன்று, நீங்கள் எழுதியிருப்பது: திரட்டும் தொகையிலிருந்தே விமானம், கூடாரம், வழிகாட்டி எல்லாவற்றுக்கும் எடுத்துக்கொள்வது. இன்னொன்று, பயணச் செலவை நீங்களே கட்டிவிட்டு, திரட்டுவதை முழுக்க அறக்கட்டளைக்குக் கொடுப்பது. அந்த இரண்டாவது வழி உண்டா என்று கேளுங்கள். இருந்தால், ஓராண்டு கூடுதலாகச் சேமிக்க வேண்டியிருந்தாலும் அதையே எடுங்கள். "என் டிக்கெட்டை நான் எடுத்துவிட்டேன். நீங்கள் தரும் ஒவ்வொரு பவுண்டும் குழந்தைகளுக்குத்தான்" என்று சொல்லிக் கேட்பவருக்குக் கை நீட்டும் கூச்சம் பாதியாகக் குறைந்துவிடும்.

இதில் வரிக் கணக்கும் ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் வருமான வரி கட்டும் ஒருவர் 10 பவுண்டு நன்கொடை தந்தால், கிஃப்ட் எய்ட் என்ற வரிச் சலுகைத் திட்டம் மூலம் அரசிடமிருந்து இன்னொரு 2.50 பவுண்டு சேரும். ஆனால் உங்கள் பயணத்துக்கு அறக்கட்டளை செலவு செய்தால், கணவர், அண்ணன், தங்கை போன்ற நெருங்கிய உறவுகள் தரும் பணத்துக்கு அது கிடைக்காது, ஏனென்றால் பலன் அவர்கள் வீட்டுக்கே திரும்புகிறது. செலவை நீங்களே ஏற்றால் இந்தத் தடை இல்லை. முதல் வழியில்தான் போக முடியும் என்றால், கேட்கும்போதே "இதில் ஒரு பகுதி என் பயணத்துக்குப் போகும்" என்று எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். பிறகு தெரிய வந்தால் மனம் கசந்துவிடும்.

"நேராகவே கொடுத்துவிடலாமே" என்பதற்கு வருகிறேன். உங்கள் இருவரால் 500 பவுண்டு கொடுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். கொடுங்கள், நல்ல காரியம். ஆனால் உங்கள் வார்டு தோழிகள், கோவிலில் பார்ப்பவர்கள், மகளின் பள்ளியில் மற்ற பிள்ளைகளின் பெற்றோர், இவர்களெல்லாம் தாமாக அந்த மருத்துவமனையை நினைத்துப் பார்க்கப் போவதில்லை. நீங்கள் மலை ஏறப் போவதாகச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அப்போது மகளைப் பற்றிச் சொல்வீர்கள். லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெருவில் 1852-ல் குழந்தைகள் மருத்துவமனை தொடங்கியபோது இருந்தவை பத்தே படுக்கைகள். அதை வளர்த்தது இப்படிக் கேட்டு வாங்கிய பணம்தான். ஒரு குழந்தைக்காகக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தங்கையே.

வாட்ஸ்அப் குழுவில் ஒரே செய்தியைப் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லித் தனியாக நாலு வரி எழுதுங்கள். கணவர் அலுவலகத்தில், ஊழியர் திரட்டும் தொகைக்கு இணையாக நிறுவனமும் தரும் வழக்கம் உண்டா என்று விசாரியுங்கள். அப்புறம், ஒரு ஞாயிற்றுக்கிழமை தோசைக் கடை போடுங்கள்.

இனி மலை. நான் ஆறு வருடங்களுக்கு முன் மச்சாமே என்ற ஏறுபாதை வழியாகப் போனேன். உச்சி 5,895 மீட்டர், அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான். நர்ஸான உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: உயரத்தில் ஆக்ஸிஜன் குறைவதால் வரும் மலை நோய்க்கும் உடல் வலிமைக்கும் சம்பந்தமில்லை. எங்கள் குழுவில் மாரத்தான் ஓடுகிற இளைஞர்தான் முதலில் வாந்தி எடுத்தார். ஐந்து நாளில் ஏறி இறங்கும் திட்டமும் விற்கிறார்கள், அதைத் தொடாதீர்கள். ஏழு நாளாவது வேண்டும். லெமோஷோ வழியில் எட்டு நாள் கிடைத்தால் இன்னும் நல்லது. மச்சாமே, லெமோஷோ இரண்டிலுமே ஒரு நாள் 4,600 மீட்டர் உயரத்து லாவா டவர் வரை ஏறி, இரவு தூங்க 3,900 சொச்சம் மீட்டருக்கு இறங்குவார்கள். உயரத்தில் நடந்து தாழ்வில் தூங்கினால் உடம்பு பழகும். வழிகாட்டிகள் ஓயாமல் "போலே போலே" என்பார்கள். சுவாஹிலியில் மெதுவாக, மெதுவாக என்று பொருள். அப்படியே நடங்கள். மலை நோயைத் தடுக்க உதவும் அசிட்டசோலமைடு மாத்திரை, மலேரியா மாத்திரை இரண்டையும் பற்றி உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே பேசுங்கள். காப்பீடு 6,000 மீட்டர் வரை செல்லுபடியாக வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் அவ்வளவு உயரத்துக்கு வராது. துணிகளை பிளாஸ்டிக் கவரில் கட்டிக்கொண்டு போகாதீர்கள், கிளிமஞ்சாரோ இருக்கும் தான்சானியா 2019-லேயே பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்துவிட்டது.

உச்சிக்கு நள்ளிரவில் கிளம்புவார்கள். கடும் குளிரில் ஆறேழு மணி நேரம் ஏற்றம். இரவு ஷிஃப்டில் விடியற்காலை நான்கு மணிக்கும் நிதானம் தவறாமல் வேலை பார்க்கிறவர் நீங்கள், அது அங்கே கைகொடுக்கும். இறங்கு என்று வழிகாட்டி சொன்னால் மறுபேச்சில்லாமல் இறங்குங்கள். உச்சியைத் தொடவில்லை என்பதற்காக யாரும் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

இன்னும் ஒன்று. எங்கள் கூடாரத்தைத் தலையில் சுமந்து வந்த பையன் கிழிந்த கான்வாஸ் ஷூ போட்டிருந்ததை நான் கவனித்தது நான்காம் நாள்தான். இன்றும் அது உறுத்துகிறது. அங்கே ஒரு சுமைதூக்கி 20 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது விதி. அவர்களுக்கு நல்ல கூலியும் சாப்பாடும் கிடைக்கிறதா என்று கண்காணிக்க கிளிமஞ்சாரோ போர்ட்டர்ஸ் அசிஸ்டன்ஸ் ப்ராஜெக்ட் என்ற அமைப்பு மோஷி நகரில் இருக்கிறது. உங்களை அழைத்துப்போகும் நிறுவனம் அதில் சேர்ந்ததா என்று பதிவுக் கட்டணம் கட்டும் முன்பே கேளுங்கள். ஒரு நாட்டுக் குழந்தைகளின் நலனுக்காக இன்னொரு நாட்டுப் பிள்ளைகளின் முதுகை ஒடிக்கக் கூடாது.

பயிற்சிக்கு இப்போதே நடக்கத் தொடங்குங்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் சேர்ந்தாற்போல், முதுகில் ஆறு கிலோவோடு. கொஞ்சம் பழகியதும் வேல்ஸில் ஸ்னோடன் மலை. முதல் நடைக்கு சர்ரேயில் இருக்கும் பாக்ஸ் ஹில் போதும். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், பேச நேரம் கிடைக்கும். அடிவாரத்தில் மோல் ஆற்றைக் கடக்க வரிசையாகக் கற்கள் போட்டிருக்கிறார்கள். மகளை முன்னால் தாண்டிப் போகச் சொல்லுங்கள்.