செட்டிநாட்டுக் கடிதங்களில் வரும் 'கிட்டங்கி' என்றால் என்ன? அதை மொழிபெயர்ப்பது ஏன் கடினம்?

சரக்கு வைக்கும் இடம் என்று அகராதிகள் சொல்லும். காரைக்குடி வீடு ஒன்றின் பழைய கடிதங்களை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். 'கிட்டங்கியில் சாப்பிட்டுப் படுத்தோம்' என்ற வரி வந்ததும் தப்பு புரிந்தது.

சிங்கப்பூர், பினாங்கு போன்ற ஊர்களில் நகரத்தார் எனும் செட்டிநாட்டு வணிகர்களின் கடைகள் பல ஒரே நீண்ட கூடத்தில் இருந்தன. அந்தக் கூடம்தான் கிட்டங்கி. ஆளுக்கொரு தாழ்வான மரப்பெட்டி. பகலில் அதன் முன் உட்கார்ந்து கடன் கொடுத்தார்கள். இரவில் அங்கேயே பாய் விரித்தார்கள். குடும்பம் ஊரில் இருக்க, ஆண்கள் மட்டும் பெரும்பாலும் 3 ஆண்டுக் கணக்கில் போனதால் தொழிலும் குடித்தனமும் ஒரே கூரைக்குள் அடங்கின. ஆண்கள் சேர்ந்து தங்கும் சென்னைத் திருவல்லிக்கேணி மேன்ஷனையும் ஒரு வங்கிக் கிளையையும் ஒன்றாக்கியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாழ்க்கை ஆங்கிலத்தில் இல்லை, அதனால் சொல்லும் இல்லை. அப்புறம் கிட்டங்கிகள் இருந்த சிங்கப்பூர் மார்க்கெட் தெருவுக்கே போய் நின்றேன். இப்போது உயரமான அலுவலகங்கள்தான். ஆனாலும் தெருவின் நீளத்தை நடந்து பார்த்தபின் 'கிட்டங்கி'யை அப்படியே விட்டு, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் சேர்த்தேன்.

மூலச்சொல்லை அப்படியே வைப்பது மொழிபெயர்ப்பாளரின் சோம்பல் என்று பலர் நினைக்கிறார்கள். 'கோடவுன்' என்று போட்டிருந்தால்தான் அது சோம்பல்.